நிலுவையில் ஒன்பது கொலைகள்

புகாரைக் குற்றவியல் நிபுணர் இரண்டு முறை படித்தார்.

'என் கணவரைத் தீர்த்துக்கட்ட இவரிடம் சொல்லி ஓராண்டாகிறது. இன்னும் வேலை முடியவில்லை. தக்க நடவடிக்கை எடுக்கவும்.' கீழே தெளிவான கையெழுத்து.

எழுதிக் கொடுத்த அம்மாளைப் பக்கத்து அறையில் பூட்டியாயிற்று. எதிரே உட்கார்ந்திருந்தவன் கூலிக்குக் கொலை செய்கிறவன்தானா? நிபுணர் எழுதும் அறிக்கையைப் பொறுத்தே அவனுக்குச் சிறையா, வீடா என்பது முடிவாகும்.

"இதுல ஆராய என்ன மேடம் இருக்கு? கொலைகாரன்னு ஒரு வரி எழுதுங்க. இன்னிக்கே உள்ள தள்ளிடறேன்," என்றார் இன்ஸ்பெக்டர், மூன்றாவது முறையாக.

"நீங்களே எழுதிக்கறதா இருந்தா நான் எதுக்கு இங்க? பொம்மையாவா?"

நிபுணர் எதிரே இருந்தவன் பக்கம் திரும்பினார்.

"இதுவரைக்கும் எத்தனை பேருக்கு ஒத்துக்கிட்டே?"

"ஒன்பது பேருக்கு மேடம்."

"எல்லாரையும் முடிச்சாச்சா?"

"அய்யய்யோ! எல்லாரும் சௌக்கியமா இருக்காங்க."

"பின்ன எதுக்குய்யா ஒத்துக்கறே?"

"நான் மாட்டேன்னா, செய்யறவன்கிட்ட போயிடுவாங்களே! அதான் சரின்னுடுவேன். அப்புறம் துப்பாக்கி ரிப்பேர்ம்பேன். ஆளுக்குக் காய்ச்சல், தேறட்டும்பேன். நாலஞ்சு மாசம் இழுத்தா கோபம் தானா வடிஞ்சிடும். 'அந்த விஷயத்தை விட்டுடுப்பா'ன்னு அவங்களே வந்து நிப்பாங்க. இந்த அம்மாவுக்குத்தான் இன்னும் வடியல."

இருபது ஆண்டுகளாகக் கொலையாளிகளின் மனத்தை அளந்து வந்த நிபுணரின் படிவத்தில், இப்படியொரு சோம்பேறிக்குக் கட்டமே இல்லை.

"உள்ள போக வேண்டியவன் நீ இல்ல, உன்கிட்ட வேலை சொன்னவங்க. மத்த எட்டுப் பேர் யாருன்னு சொல்லு, இப்பவே வீட்டுக்குப் போ."

"அது மட்டும் முடியாது மேடம். நம்பி வந்தவங்க."

"சொல்லலேன்னா ஜெயில்தான்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப ஜெயிலுக்கே போறேன் மேடம்."

"அதான் சொல்ல மாட்டேங்கறானே, விடுங்க மேடம்!" இன்ஸ்பெக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அவன் தோளைப் பிடித்து அவசரமாக எழுப்பி, கதவு வரை தள்ளிக்கொண்டு போனார்.

அங்கே அவன் தாழ்ந்த குரலில் கேட்டது நிபுணரின் காதிலும் விழுந்தது.

"ஐயா, உங்க மாமியாருக்கு முழங்கால் வலி இப்ப தேவலையா?"