புழு இல்லாத தூண்டில்

எந்தக் குளம் என்று கேட்காதீர்கள்; சொன்னால் நாளைக்கே தூண்டிலோடு அங்கே நிற்பீர்கள். அந்தக் கரையில், கொட்டாங்குச்சிக்குள் ஒரு மண்புழு நடுங்கிக்கொண்டிருந்தது. கூட இருந்த புழுவை மாட்டி இப்போதுதான் தூண்டில்காரர் ஒரு கெண்டையைப் பிடித்திருந்தார். அடுத்தது அதன் முறை.

"நான் வளைஞ்ச வளைவுக்குத்தான் மீன் வந்துச்சு" என்றது தூண்டில் கம்பு.

"என் ஆட்டத்துல மயங்கியில்ல வந்துச்சு!" என்றது தக்கை.

"போங்கடா, வாயைப் பிடிச்சு இழுத்தது யாரு?" என்றது முள்.

செத்த புழுவைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

தூண்டில்காரர் மண்புழுவின் வால் நுனியை முள்ளில் குத்திக் கம்பை ஓங்கினார். வலியோடு வலியாகப் புழு சொன்னது:

"முள்ளண்ணே, நான் வந்தா பாதிப் பேரு எனக்குப் போயிடும். உங்க பளபளப்புக்கே மீன் வருமே!"

முள்ளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீச்சோடு வீச்சாக ஓர் உதறு உதறியது. புழு கரைச் சேற்றில் போய் விழுந்தது.

அதைக் கவனிக்காத தூண்டில்காரர் கண்ணயர்ந்துவிட்டார். பொழுது சாயும்வரை ஒரு மீன்குஞ்சுகூட எட்டிப் பார்க்கவில்லை.

"எல்லாம் அந்தப் புழுவால வந்த வினை" என்றது முள். "அதோட நாத்தம் இன்னும் என்மேல ஒட்டிக்கிட்டிருக்கு. மீன் எப்படி வரும்?"

"அதானே!" என்றன மற்ற இரண்டும்.

சேற்றுக்குள் இருந்த புழுவுக்கும் அது கேட்டது.

"ஆமாண்ணே, தப்பு என்மேலதான்" என்று சொல்லிக்கொண்டே இன்னும் ஒரு சாண் கீழே இறங்கியது.