எழுத விட்டுப்போன வரி

"தப்பு யாரோடது? அதை மட்டும் சொல்லுங்க" என்றார் முதலாளி குலாம் முகம்மது.

ஆழ்வார்பேட்டை அலுவலகத்தின் அந்தச் சின்ன அறையில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார் ஜவஹர். வயது ஐம்பத்து மூன்று. அடுத்த மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

கம்பெனி சொந்தமாக உருவாக்கிய நிரல்மொழியில், அடையாறு கிளினிக் ஒன்றுக்கு டோக்கன் அச்சடிக்கும் நிரலை எழுதியவர் அவர். பெயரைப் பத்து எழுத்தோடு நறுக்க நினைத்தார். நிரலோ பத்து பைட்டோடு, அதாவது கணினியின் சேமிப்பு அளவில் பத்தோடு, நறுக்கிவிட்டது. தமிழில் ஓர் எழுத்துக்கே மூன்று பைட்டாவது வேண்டும். தங்கபுஷ்பமும் தங்கம்மாளும் டோக்கனில் வெறும் 'தங்' ஆனார்கள். ஊசி ஆள் மாறப் பார்த்தது.

"பெயரை நறுக்குற அந்த ஃபங்ஷன் பைட்டைத்தான் எண்ணும்னு மேனுவல்ல இருந்துச்சா?" என்று கேட்டார் முதலாளி.

இருந்திருந்தால் தப்பு ஜவஹருடையது. அவரோ மேனுவலைத் திறந்ததே இல்லை.

அந்த நிரல்மொழிக்கு மேனுவல் எழுதும் மேகலா, பக்கத்து நாற்காலியில் இருந்து நிமிராமல் சொன்னார்: "இல்ல சார். நான்தான் எழுத விட்டுட்டேன்."

ஜவஹருக்கு உயிர் வந்தது. வெளியே வந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"பதினோரு வருஷத்துல என் மேனுவல்ல ஒரு ஓட்டை காட்டுங்கன்னு பீத்திக்குவீங்களே மேடம், இன்னாச்சு?"

"பன்னெண்டாவது வருஷத்துல கிடைச்சுடுச்சு இல்ல? சந்தோஷப்படுங்க."

இனிமேலாவது படிப்போம் என்று மேனுவலைத் திறந்தார். எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்ற பட்டியல் ஓரத்தில் இருந்தது. அதில் கடைசியாக, நீக்கப்பட்ட ஒரு வரி:

'கவனிக்க: இது எழுத்தை எண்ணாது, பைட்டை எண்ணும். தமிழ்ப் பெயர்களை இதில் நறுக்க வேண்டாம்.'

நான்கு வருடமாகத் தடித்த எழுத்தில் இருந்த வரி. நீக்கியவர்: மேகலா. இன்று காலை 10.10. கூட்டம் பத்தரைக்கு.

இன்னொருவருக்காகத் தன் பதினோரு வருடப் பெருமையை இப்படி ஒரு நொடியில் அழிக்க யாரால் முடியும்? ஜவஹர் எழுந்து போய் முதலாளியின் கதவைத் தட்டினார்.

"சார், அந்த வரி இருந்துச்சு. படிக்காதது நான். மேகலா மேடம் மேனுவல்ல ஓட்டையே இல்ல."

ஒப்பந்தம் போனால் போகட்டும். நெஞ்சு நிமிர்ந்துதான் நின்றது.

குலாம் முகம்மது மேசையில் கிடந்த ஒப்பந்தத்தை இழுத்து, பேனா மூடியைத் திறந்தார்.

"அந்த வரி அழிஞ்ச நிமிஷமே எனக்கும் மெயில் வந்துடுச்சு ஜவஹர். நீங்க வந்து சொல்றீங்களான்னுதான் கையெழுத்துப் போடாம உக்காந்திருக்கேன்."