ஓரத்து அழுக்கு

ஷெர்லின் அந்தக் குண்டுப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. மூடியபடியே பக்கவாட்டில் திருப்பி, தாள்களின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

விரல் பட்ட அழுக்கு முதல் பாடத்தின் பாதியிலேயே நின்றிருந்தது. அதற்கப்புறம் தாளெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

முன்பு இதை வைத்திருந்த புண்ணியவான், ஆளை விடு சாமி என்று அங்கேயே எழுந்து போயிருக்கிறான்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மண்ணாங்கட்டியின் பழைய பேப்பர் கடை. மெட்ராஸில் கல்லூரிப் பையன்கள் விடுதியைக் காலி செய்யும்போது போடுகிற புத்தகங்களை மூட்டையாக வாங்கி வந்து அடுக்கி வைப்பார். அன்றைக்குக் கம்ப்யூட்டர் புத்தகம் என்று அவரிடம் இருந்தவை இரண்டே இரண்டு. இரண்டும் சி மொழியைக் கற்றுக்கொள்வதற்கானவை.

மண்ணாங்கட்டி அந்தக் குண்டுப் புத்தகத்தைத்தான் தட்டிக் காட்டினார்.

"இத்த எடுத்துக்க பாப்பா. கை படாத சரக்கு, புதுசாட்டம் கீது."

கை படாததுதானே அவளுக்குப் பயம்.

இன்னொன்று ஒல்லி. அட்டை கிழிந்து, டேப் ஒட்டியிருந்தது. ஆனால் அழுக்கு முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை ஒரே சீராக ஏறியிருந்தது. கடைசிப் பாடத்தில் டீ டம்ளர் வைத்த வட்டம்கூட இருந்தது. யாரோ இதோடு உட்கார்ந்து, இதை முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்கள்.

அவள் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

நேற்று இன்டர்வியூவில், "பேசிக் தெரியும், கோபோல் தெரியும், சரி. சி தெரியுமா?" என்று கேட்டார்கள். தெரியும் சார் என்று வாய் முந்திக்கொண்டது. வேலையும் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் சேர வேண்டும். குட்டு வெளிப்பட்டால் அன்றைக்கே வீட்டைப் பார்க்கப் போக வேண்டியதுதான்.

அம்மா அன்னபுஷ்பமோ நாளைக்கு சர்ச்சில் நன்றிக் காணிக்கை வைக்கத் தயாராகிவிட்டாள். பொய்க்கு ஒரு காணிக்கை. நினைக்கவே ஷெர்லினுக்குக் கூசியது.

அப்போதுதான் ஒருவன் பக்கத்தில் வந்து நின்றான். நீல யூனிஃபார்ம் சட்டை, பாக்கெட்டுக்கு மேல் சிவப்பு நூலில் டில்லிபாபு என்று பெயர். ரப்பர் கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து நேராக வருகிறான் போல, விரலெல்லாம் கரி.

"சிஸ்டர், நானும் சி கத்துக்கணும். எந்த புக்கு நல்லாருக்கும்?"

ஷெர்லின் யோசிக்கவே இல்லை. குண்டுப் புத்தகத்தை அவன் பக்கம் தள்ளினாள். "இதுல எல்லாமே இருக்கும்."

அது பொய் என்றும் சொல்ல முடியாது.

அவன் மறுபேச்சுப் பேசவில்லை. கையைப் பேண்டில் நன்றாகத் துடைத்துவிட்டு அதன்பிறகுதான் புத்தகத்தைத் தொட்டான். அதைப் பார்க்க அவளுக்கு என்னவோ போல இருந்தது.

"கம்பெனில கம்ப்யூட்டர் போடப் போறாங்க சிஸ்டர். தெரிஞ்சவன் உள்ள, தெரியாதவன் வெளியன்றாங்க. அதான், மெடிக்கல் ஷாப்பு மாடில புதுசா சென்டர் தொறக்கறாங்களே, அதுல சேர்ந்துட்டேன். திங்கக்கெழம ஆரம்பம்."

மெடிக்கல் ஷாப் மாடி என்றதும் ஷெர்லின் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

பார்த்துவிட்டு, அவன் கையிலிருந்த குண்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு ஒல்லிப் புத்தகத்தைக் கொடுத்தாள்.

"அது வேணாம். இதை எடுத்துக்குங்க. இதை வச்சுத்தான் ஒருத்தர் கடைசிவரைக்கும் படிச்சிருக்காரு."

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கு இது போதும்."

மண்ணாங்கட்டி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் அந்தக் குண்டுப் புத்தகத்தோடு மல்லுக்கட்டினாள். அழுக்கு நின்ற இடத்திலேயே அவளும் நின்றாள். அங்கிருந்து ஒரு பக்கம்கூட நகர முடியவில்லை. அந்தப் புண்ணியவான்மேல் இப்போது அவளுக்கு இரக்கமே வந்துவிட்டது.

திங்கட்கிழமை மெடிக்கல் ஷாப் மாடியில், வாசலுக்கு வெளியே செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று எல்லோரையும் வெறுங்காலோடுதான் உள்ளே விட்டார்கள். ஷெர்லினும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனாள்.

இரண்டாவது பெஞ்சில் டில்லிபாபு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டான்.

"வாங்க சிஸ்டர், நீங்களும் இங்கதானா?"

அவள் அந்த இடத்தைத் தாண்டிப் போனாள். நேராகக் கரும்பலகைக்குப் போய்ச் சாக்பீஸை எடுத்தாள்.

டில்லிபாபுவின் சிரிப்பு பாதியில் நின்றது. டேப் ஒட்டிய புத்தகத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

ஷெர்லின் பலகையில் தேதியைப் போட்டாள். இவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது.

"டில்லிபாபு, உங்க புக்குல மொதல் பாடத்தைச் சத்தமா படிங்க. மத்தவங்க கவனிங்க."

அவன் எழுந்தான். எழுத்துக் கூட்டி இங்கிலீஷில் படித்தான். அவன் ஒவ்வொரு வரியாகப் படிக்க, அவள் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே பலகையில் எழுதினாள். தடுமாறாமல்தான் போனது, குண்டுப் புத்தகத்தில் அழுக்கு நின்ற அதே விஷயம் வரும் வரைக்கும்.

அங்கே சாக்பீஸ் நின்றுவிட்டது.

டில்லிபாபு தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த வரியை இன்னொரு தரம், நிறுத்தி நிறுத்திப் படித்தான்.