ஸ்போர்ட்ஸ் சேனலை மட்டும் விட்டுடுங்க

"சீரியலை எடுத்துடுங்க, பாட்டை எடுத்துடுங்க, படம், செய்தி எல்லாத்தையும் எடுத்துடுங்க தம்பி. ஸ்போர்ட்ஸ் சேனலை மட்டும் விட்டுடுங்க."

தையற்காரர் இப்படிச் சொன்னதும் கேபிள்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சேனல் வேண்டவே வேண்டாம் என்று தெருவே கூப்பாடு போட்டுக்கொண்டிருக்கிறது. இந்த மாதத்திலிருந்து வட்டார ஸ்போர்ட்ஸ் சேனலைப் பேக்கேஜிலிருந்து தனியாகப் பிரித்துவிட்டார்கள். மற்ற எல்லாச் சேனலுக்கும் சேர்த்து எவ்வளவோ, அவ்வளவும் அது ஒன்றுக்கே கட்ட வேண்டும். விலையை ஏற்றியவன் எங்கேயோ ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறான். வீடு வீடாக ஏறி வசவு வாங்குவது இவர்.

"அண்ணே, எனக்கு நாலு காசு வந்தா நல்லதுதான். இருந்தாலும் மனசு கேக்கல. இது யானையைக் கட்டித் தீனி போடுற வேலை. எடுத்துடலாம்ணே."

தையற்காரர் மிஷினை விட்டு நிமிரவில்லை. முன்னறை முழுக்கத் தைக்காத பள்ளிக்கூடச் சீருடைகள் குவிந்து கிடந்தன. புழுக்கம் தாங்கவில்லை, ஆனாலும் மின்விசிறியைப் போடாமல்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இந்த லட்சணத்தில் ஸ்போர்ட்ஸ் சேனலா என்று கேபிள்காரருக்கு ஆற்றாமையாக இருந்தது.

உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள் அவர் மனைவி.

"அக்கா, நீங்களாவது சொல்லுங்க. சாயங்கால சீரியல் போயிடுமே?"

"போகட்டுமே. அந்த மாமியார்க்காரி நான் பாத்தாலும் அழுவா, பாக்கலைன்னாலும் அழுவா."

கேபிள்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் ஆட்டப் பைத்தியம்தான். தன் இனத்தைக் கண்ட மகிழ்ச்சியில் கேட்டார். "சரி, நீங்க எந்த டீம்?"

புருஷனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மொத்தம் எத்தனை டீம் தம்பி?" என்றார் தையற்காரர்.

"என்னண்ணே இப்படிக் கேக்கறீங்க? நேத்து யாரு ஜெயிச்சாங்கன்னாவது தெரியுமா?"

"தெரியலையே. ஒரே வெயிலு. கொஞ்ச நேரத்துலயே அணைச்சுட்டோம்."

அலமாரித் தட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டம் சூடு பிடித்திருந்தது. அந்த அக்காவோ மட்டையைப் பார்க்கவில்லை, பந்தையும் பார்க்கவில்லை. திரையின் மேல் ஓரத்தில் தெரிந்த வானத்தையே பார்த்தாள்.

"இன்னிக்கு ஆட்டம் ஆத்தங்கரை மைதானத்துலதானே தம்பி? அங்க இருட்டிக்கிட்டு வருதுல்ல?"

"ஆமாக்கா. நம்ம டீம் ஜெயிக்கப்போற நேரம், மழை வந்து கெடுக்காம இருக்கணும்."

"வரட்டும், வரட்டும்," என்றாள் அவசரமாக. "நல்லாப் பெய்யட்டும்."

கேபிள்காரருக்குப் பொறி தட்டியது. யார் ஆடுகிறார்கள் என்று தெரியாது. யார் ஜெயித்தாலும் கவலையில்லை. மழை வருமா, வராதா, அது மட்டும் வேண்டும். இதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. மழைக்குப் பந்தயம் கட்டுகிற கூட்டத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். அவருடைய சொந்த அண்ணன் அப்படித்தான் இருந்த ஒரு கடையையும் தொலைத்துவிட்டு நடுத்தெருவில் நின்றான். போயும் போயும் புழுவுக்கும் தீங்கு நினைக்காத இந்த மனுஷனா?

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. பந்தயம் கட்டுறீங்களா?"

"பந்தயமா?" தையற்காரர் மிஷினை நிறுத்தினார். "அதெல்லாம் இல்ல தம்பி."

"அப்புறம் எதுக்கு மழை வரணும்?"

தையற்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அக்கா முந்தானையை விரலில் சுற்றினாள். திருட்டு முழி என்றால் இதுதான் என்று முடிவு செய்துவிட்டார் கேபிள்காரர். கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது.

"எங்க அண்ணனை அன்னிக்கே யாராவது தடுத்திருந்தா அவன் இப்படி ஆயிருக்க மாட்டான். நான் உங்களை விடமாட்டேன். இந்தச் சேனலை இப்பவே கட் பண்றேன். இன்னிக்குத் திட்டுவீங்க, நாளைக்கு நீங்களே வாழ்த்துவீங்க."

போனை எடுத்து அலுவலகத்துக்கு அடிக்க ஆரம்பித்தார்.

"ஐயோ, வேணாம் தம்பி!" தையற்காரர் எழுந்த வேகத்தில் ஸ்டூல் கவிழ்ந்தது. "ராவும் பகலும் தைச்சாவது கட்டிடறேன். அதை மட்டும் எடுத்துடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"எல்லாரும் இப்படித்தாண்ணே கெஞ்சுவாங்க. எங்க அண்ணனும்..."

"ஏங்க!" அந்த அக்கா போட்ட கூச்சலில் கேபிள்காரரின் கைபேசி நழுவப் பார்த்தது. "மழைங்க! மழை வந்துடுச்சு!"

திரையில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. பக்கத்து வீடுகளிலிருந்து "அடச்சே!" என்ற சத்தம் வரிசையாகக் கேட்டது. கேபிள்காரரும் தலையில் அடித்துக்கொண்டார். புருஷனும் மனைவியும் மட்டும் டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு நெருங்கி உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆட்டக்காரர்கள் நனையாமல் இருக்க உள்ளே ஓடினார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து மைதான வேலையாட்கள் ஏழெட்டுப் பேர், ஆடுகளத்தை மூடுவதற்காகப் பெரிய தார்ப்பாயை இழுத்துக்கொண்டு மழைக்குள் ஓடிவந்தார்கள்.

கடைசி மூலையைப் பிடித்து இழுத்தவனின் நனைந்த தலையைத் திரையோடு சேர்த்துத் துவட்டுகிறவள்போல் தடவினாள் அந்த அக்கா. "இளைச்சுட்டான், பாத்தீங்களா தம்பி? எங்ககிட்ட சண்டை போட்டுட்டுப் போனவன் மூணு வருஷமா எங்க போனை எடுக்கறதில்ல; மழை பெஞ்சாத்தான் எங்க பிள்ளையை நாங்க பாக்கறோம்."