ஃபோல்டரைத் தொட்டது யார்?

திரை முழுக்கச் சிவப்பு. முன்னூற்றுப் பன்னிரண்டு வீடியோத் துண்டுகளில் ஒன்றைக்கூடக் காணோம் என்று சாஃப்ட்வேர் கையை விரித்துவிட்டது.

நீச்சல் கோச் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மூன்று மணிக்கு அவருடைய நீச்சல் பள்ளியின் ஆண்டு விழா. தண்ணீரைக் கண்டாலே அலறிய பிள்ளைகள் இப்போது எப்படி நீந்துகிறார்கள் என்று பெற்றோருக்குப் படம் போட்டுக் காட்டுவதாகச் சொல்லி வைத்திருந்தார். மணி பதினொன்று ஆகிவிட்டது.

“நீங்க பதறாதீங்க, இது சாஃப்ட்வேர் கோளாறு,” என்றார் எடிட்டர். வீட்டு முன்னறையிலேயே இருபது வருடமாக ஸ்டுடியோ நடத்துகிறவர். வீடியோ தொலைந்துவிட்டது என்று இதுவரை ஒருவர்கூட வாசலில் வந்து நின்றதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

சாஃப்ட்வேர் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். “ஒரு வீடியோவும் திறக்க மாட்டேங்குதும்மா. எல்லாம் செவப்பா நிக்குது.”

“மறுபடியும் ஃபோல்டர்தானா சார்?” என்றது ஒரு பெண் குரல்.

எடிட்டர் கோச்சைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். “கேட்டீங்களா? ஊர்ல எல்லாருக்கும் இதே தொல்லைதான்.”

அந்தப் பெண் சற்றுத் தயங்கிவிட்டு நிதானமாகச் சொன்னாள். “சாஃப்ட்வேர்ல ஒண்ணும் இல்ல சார். யாரோ புதுசா ஃபோல்டர் போட்டு, வீடியோ எல்லாத்தையும் அதுக்குள்ள மாத்தி வெச்சிருக்காங்க. வீடு மாறிப் போனவங்களைப் பழைய அட்ரஸ்ல தேடுற மாதிரி, அது பாவம் தேடிக்கிட்டு இருக்கு.”

அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுகிறவர்கள் வீட்டில் இரண்டே பேர். எடிட்டர் திரும்பினார். அடுத்த மேஜையில் மனைவி ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு பிறந்தநாள் வீடியோவுக்குப் பாட்டு சேர்த்துக்கொண்டிருந்தாள்.

“ஃபோல்டரைத் தொட்டது யாரு?”

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். கோச்சை ஒரு தரம் பார்த்தாள். “நான்தாங்க. தெரியாம பண்ணிட்டேன்.”

அவ்வளவுதான், எடிட்டர் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். “எத்தனை தடவை படிச்சுப் படிச்சு சொல்லியிருக்கேன்? வேலை நடக்கும்போது ஃபோல்டர்ல கை வைக்காதேன்னு. இருபது வருஷமா கட்டிக் காத்த பேரு. மூளைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா உனக்கு?”

கோச் தர்மசங்கடத்தில் நெளிந்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வீடியோக்களை மடமடவென்று பழைய ஃபோல்டர்களுக்கே திருப்பி அனுப்பினாள். ஐந்தே நிமிடத்தில் சிவப்பெல்லாம் மறைந்து, நீலத் தண்ணீரும் பிள்ளைகளும் திரும்பி வந்தார்கள்.

ஒரு மணிக்குள் படம் தயாராகிப் பென் டிரைவில் ஏறியது. வாசலில் செருப்பை மாட்டும்போது கோச் மெதுவாகச் சொன்னார். “அம்மாவைத் திட்டாதீங்க சார்.”

“திட்டாம கொஞ்சவா சொல்றீங்க?” என்றார் எடிட்டர்.

எதற்கும் படத்தை ஒரு காப்பி எடுத்து வைப்போம் என்று உட்கார்ந்தபோதுதான் அவர் அதைக் கவனித்தார். அந்தப் புது ஃபோல்டர்கள் காலியாக அங்கேயே கிடந்தன. உருவாக்கிய நேரம், நேற்று மாலை ஆறு நாற்பது.

நேற்று மாலை அவள் மகளைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தாள். திரும்பி வரும்போது எட்டு மணி.

பெயர்களைப் படித்தார். அவள் வைத்தால் ‘பயந்த குட்டீஸ்’, ‘கோச் கத்துறது’ என்றுதான் வைப்பாள். தேதி, மணி, எண் என்று ரயில்வே டைம்டேபிள் மாதிரி வைக்கிற ஆள் இந்த வீட்டில் ஒருவர்தான்.

நினைத்து நினைத்துப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. வேலை மும்முரத்தில் கை தானாகச் செய்திருக்கும் என்று சொல்லிக்கொண்டார்.

அப்புறம்தான் மற்றது உறைத்தது. கோச்சுக்கு முன்னால் புருஷன் பேர் கெடக் கூடாது என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவளைப் போய், மூளை இருக்கிறதா என்று கேட்டாயிற்று. எடிட்டருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த நாற்காலியில் உட்காரவே கூசியது.

எழுந்து சமையலறைக்குப் போனார். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் நிலைப்படியைத் தாண்டவில்லை.

“ஃபோல்டரை மாத்தினது நான்தான். உன்னைப் போய் அந்த மனுஷன் முன்னாடி அப்படிப் பேசிட்டேன். இருபது வருஷத்துல முதல் தடவையா தப்புப் பண்ணிட்டேன், அதையும் உன் தலையில கட்டிட்டேன். என்னை மன்னிச்சிடு.”

அவள் குழாயை மூடினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் கோபமே இல்லை.

“நாளைக்கு ஒரு டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாமாங்க?”

அவர் பதறிப்போனார். “ஏன், உனக்கு என்ன பண்ணுது?”

“நேத்தும் இங்கேயே நின்னு இதையேதாங்க சொன்னீங்க.”