எரிப்பதற்கு இருநூறு கொடி

"சாயங்காலத்துக்குள்ள இருநூறு கொடி வேணும் மாஸ்டர். எரிக்கிறதுக்கு!"

பேட்டைத் தலைவர் தையல் கடைக்குள் நுழையும்போதே பேசிக்கொண்டுதான் வந்தார். மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கிற குரல். அதனால் எல்லாருக்கும் அவர் 'மைக்செட்'.

பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த தையல்காரர் மனைவிக்கு ஊசி விரலில் ஏறியது. ரயில் நிலையத்தில் குண்டு வெடித்ததிலிருந்தே அவளுக்கு வேலையில் கவனம் இல்லை. செத்தவர்களில் ஒருத்தர், இவர்கள் கடைக்குப் பொத்தான் கொண்டுவந்து போடுகிற மனிதர். அந்த அழுகை அடங்குவதற்குள் தெருவெல்லாம் 'போர், போர்' என்று ஒரே கூச்சல். அவள் பெற்றது ஒன்றே ஒன்று. அதுவும் பட்டாளத்தில் இருந்தது. லீவில் வந்து இப்போது உள்ளறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"குண்டு வெச்சவனைப் பிடிச்சுட்டாங்களா தம்பி?" என்றாள்.

"அதெல்லாம் மெதுவா பிடிப்பாங்கக்கா. எந்த நாட்டு வேலைன்னு தெரிஞ்சுபோச்சில்ல, அது போதும்."

தையல்காரர் கத்தரியைக் கீழே வைத்தார். "அந்த நாட்டுக் கொடியை நீங்க பார்த்திருக்கீங்களா தலைவரே?"

மைக்செட் ஒரு நொடி விழித்தார். "பார்க்காம என்ன! உங்களுக்குத் தெரியுமா, அதைச் சொல்லுங்க."

"தெரியும், தெரியும்."

"அப்புறம் என்ன? மிதிங்க மிஷினை!"

அவர் தலை மறைந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். "முடியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா? சண்டை வந்தா போகப்போறது யாரு, மைக்செட் பெத்த பிள்ளையா?"

"நாம தைக்கலைன்னா அடுத்த தெருக்காரன் தைப்பான். அவன் தைச்சா சரிப்படாது."

"எரியப்போற துணிக்கு என்ன சரி வேண்டிக்கிடக்கு!"

அவர் எழுந்தார். பரண் மேலிருந்து துணி மூட்டைகளை இறக்கினார். கத்திரிப்பூ நிறத்தில் ஒரு பட்டை, மஞ்சளில் ஒரு பட்டை, நடுவே மூன்று வெள்ளைப் பொட்டு. கல்யாணச் சட்டைக்குக்கூட அவர் இவ்வளவு அக்கறை காட்டியதில்லை. ஓரம் மடித்து அடித்து, முதல் கொடியை விரித்துக் காட்டினார். தனக்குத் தெரியாது என்று அவள் மட்டும் காட்டிக்கொள்வாளா?

"ஆமாமா, இதேதான். ஓட்டப் பந்தயத்துல ஒருத்தன் தோள்ல போர்த்திக்கிட்டு ஓடினானே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் டிவியில் கொடிகள் தீப்பிடித்து எரிந்தன. நெஞ்சு நிறைய மெடல் குத்திய ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் விளக்கம் சொன்னார். "கத்திரிப்பூ நிறம் அவங்களோட திமிர். மஞ்சள், துரோகம். மூணு பொட்டும் மூணு குண்டு. எத்தனை வருஷத்துத் திட்டம் பாருங்க!"

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா, எப்பேர்ப்பட்ட பாவிங்க!" என்று அவளே நெஞ்சில் கை வைத்தாள். தையல்காரருக்குப் புரையேறியது.

டிவியைப் பார்த்து ஊருக்கு ஊர் அதே கொடியைத் தைத்து எரித்தார்கள். கடைசியில் மந்திரி ஒருவர் சபையிலேயே அதை உதறிக் காட்டி, "இந்தக் கொடி பறக்கும் மண்ணை மண்டியிட வைப்போம்!" என்று முழங்கினார். மேஜைகள் அதிர்ந்தன. போர் என்று முடிவாயிற்று. மகனின் லீவு ரத்து. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான்.

துறைமுகத்திலிருந்து போன் செய்தான். "அம்மா, கப்பல் கிளம்புது."

"எந்தப் பக்கம்டா போறீங்க?"

"அது ரகசியமாம்மா. எங்க பெரிய ஆபீசருக்கே சொல்லலை. இந்தக் கொடி எந்தக் கரையில பறக்குதோ, அங்க இறங்கணும்னு உத்தரவு. அவ்வளவுதான்."

போனை வைத்தவள் மிஷின் மேலேயே தலையைச் சாய்த்து அழுதாள். "நல்லாத் தைச்சீங்க! ஓரம் மடிச்சுத் தைச்சீங்க! என் பிள்ளையக் கப்பல்ல ஏத்தி விட்டுட்டு இப்ப கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கீங்களே, நீங்க மனுஷன்தானா?"

தையல்காரர் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்தார். அவள் காதருகே குனிந்தார்.

"அழாதடி. அவன் எந்தக் கரையிலயும் இறங்கமாட்டான். கடலைச் சுத்திப் பார்த்துட்டு, கறுத்துப்போய்த் திரும்பி வருவான், பாரு."

"அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

"அந்தக் கொடி எந்த நாட்டுக்கும் சொந்தமில்லடி. நர்சரி ஸ்கூல் பாவாடை தைச்சதுல மிஞ்சின துணி. எவன் கொடியையும் எரிக்காம இருந்தா சண்டையே வராதுன்னு நானாப் பார்த்து ஒட்டுப்போட்டேன்."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். சிரிப்பதா, அடிப்பதா என்று தெரியவில்லை. கடைசியில் சிரித்தேவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷனுக்கு இவ்வளவு மூளை இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

கதவு படாரென்று திறந்தது.

"மாஸ்டர், உடனே இன்னும் ஐநூறு கொடி!" என்றார் மைக்செட், மூச்சு வாங்க. "பின்னாலேயே போற கப்பல்ல ஏத்தணும். நம்ம ஆளுங்க எந்தக் கரையைப் பார்க்கிறாங்களோ, அங்க முதல்ல இதை நட்டுட்டு, அப்புறம்தான் சுட ஆரம்பிக்கணுமாம்!"