நாற்பத்தொன்று பதினேழு

போடியிலிருந்த ஏலத்தோட்ட அலுவலகத்துக்கு 1988இல் கம்ப்யூட்டர் வந்தது. சர்வே குறிப்புகளில் இருந்த டிகிரி, நிமிடம், வினாடியெல்லாம் ஜீப் டிரைவர்களுக்குப் புரியவில்லை. அங்கே வேலை பார்த்த அன்னக்கொடி, மலையின் வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து ஒரு புரோகிராம் எழுதினாள். மேற்கிலிருந்து எத்தனையாவது கட்டம், தெற்கிலிருந்து எத்தனையாவது கட்டம். நான்கே இலக்கங்கள்.

தினமும் காலை ஒன்பது மணிக்கு, அன்று நிலம் அளக்கப்போகும் ஆறு பேரின் இடங்கள் ஆறு வரிகளாக அச்சாகும். ஒருநாள் ஏழாவதாக ஒரு வரி வந்தது: 4117. படத்தில் மேற்கிலிருந்து கிழக்கே நாற்பது கட்டங்கள்தான் உண்டு. தன் பிழை என்று நினைத்துக்கொண்டாள்.

மாலையில் ஐந்து பேர் திரும்பினார்கள். அவள் கணவன் உக்கிரபாண்டி வரவில்லை.

"முப்பத்தெட்டு பதினேழுல ஆளைக் காணோம் ஆத்தா. கத்திக் கத்தித் தொண்டை போச்சு" என்றார் டிரைவர் மொக்கச்சாமி.

அவள் ஏழாவது வரியைக் காட்டித் தாளை நீட்டினாள்.

"படம் நாப்பதோட முடிஞ்சுபோச்சே?"

"தாண்டி ஒரு கட்டம் போங்கண்ணே. வெரசா."

இருட்டுவதற்குள் அவனைக் கொண்டுவந்துவிட்டார்கள். கால் முறிந்திருந்தது. உயிர் இருந்தது.

"யானையைப் பாத்து கிழக்கால ஓடுனேன். ஓடைக்குள்ள விழுந்தப்ப மணி ரெண்டு. எப்படிடி கண்டுபிடிச்ச?" என்றான் ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

அந்தப் புரோகிராமை அவள் பிறகு திருத்தவே இல்லை. அன்று காலை ஒன்பதுக்கே அச்சான அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவன் தலையணைக்கு அடியில் வைத்தாள்.